பாட்டியின் நெய் பிஸ்கட்: ‘பிடிக்கிற அளவு மாவு’ என்றால் எவ்வளவு?

மலேசியாவில் தீபாவளிக்கு ஒரு வீட்டில் முறுக்கு இருக்கிறதோ இல்லையோ, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில் வெள்ளை வெளேரென்று நெய் பிஸ்கட் இருக்கும். கடிக்கக்கூட வேண்டாம், நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் கரைந்துவிடும். வாயில் போட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தால் மட்டும் மாவு புரையேறி இருமல் வரும், வருடா வருடம் யாராவது ஒரு மாமா இருமாமல் எங்கள் வீட்டுத் தீபாவளி முடிந்ததில்லை. இதைச் சிலர் சுஜி பிஸ்கட் என்பார்கள். சுஜி என்றால் ரவை, ஆனால் நிறைய வீடுகளில் இதில் ரவை ஒரு சிட்டிகைகூடச் சேராது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வடக்கே நான்கட்டாய் என்கிறார்களே, அதற்கு இது நெருங்கிய சொந்தம். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கொடுத்தனுப்பும் போத்தலிலும் இதேதான் இருக்கும்.

புதிதாக ஓவன் வாங்கியவர்கள் முதலில் கேக்கில் கை வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பிஸ்கட்டில் தொடங்குங்கள் என்பேன். நாலே நாலு முக்கியப் பொருள், முட்டை கிடையாது, பொங்கி வருமா அமுங்கிப் போகுமா என்று ஓவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சாமி கும்பிட வேண்டியதில்லை. முட்டை இல்லாததால் தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் தொடங்குகிற பெரியவர்களில் பலரும் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள். இதில் கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அது மாவின் அளவு.

மூன்று வருடங்களுக்கு முன் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன் ஒன்று வாங்கினோம். பாட்டி பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன்.

“நெய் ஒரு டின்னு, அரைச்ச சீனி ஒரு டின்னு, மாவு பிடிக்கிற அளவு.”

“மாவு எவ்வளவு பாட்டி?”

“அதான் சொன்னேனே, பிடிக்கிற அளவு.”

“கிராம்ல சொல்லுங்க பாட்டி.”

“கிராமெல்லாம் நான் என்னத்தக் கண்டேன்? கையில எடுத்தா தெரியும்ப்பா.”

கையில் எடுத்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவை நெய் தண்ணீராக இருந்தது, அப்படியே ஊற்றிக் கலந்தேன், உருண்டையாக உள்ளே போனது தோசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவது தடவை அதற்குப் பயந்து மாவை அள்ளிப் போட்டேன், உருண்டை உருட்டும்போதே விரிசல் விட்டது, வெந்த பிறகு சுண்ணாம்பு உருண்டை, தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியவில்லை. மூன்றாவது தடவை சோடா உப்பு ஒரு தேக்கரண்டி குவித்துப் போட்டதில் சவர்க்காரம் தின்ற மாதிரி இருந்தது. மகள் மரியாதைக்காக ஒன்றைத் தின்றுவிட்டு ஓடிப்போனாள்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன், எந்த வீட்டுப் பலகாரமாக இருந்தாலும் நீங்களும் செய்யலாம். ஒரு சனிக்கிழமை சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்துக்குப் போய், பாட்டி பிஸ்கட் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் கையைத் தடுக்கவில்லை, நிறுத்து நிறுத்து என்று நச்சரிக்கவும் இல்லை. மாவுப் பொட்டலத்தை அவர் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை நிறுத்தேன், எல்லாம் முடிந்த பிறகு மிச்சத்தை ஒரு தடவை நிறுத்தேன். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் போட்டது. நெய் டின்னையும் சீனி டப்பாவையும் அப்படியே. பெரியவர்களிடம் அளவு கேட்டால் வராது, பொட்டலம் பதில் சொல்லிவிடும்.

அந்த ‘டின்’ வேறொன்றுமில்லை, கெட்டிப் பால் டின்தான். ஒரு காலத்தில் கடைகளில் கயிறு கட்டிக் கோப்பி ஊற்றிக் கொடுத்த அதே டின். எங்கள் பாட்டி டின்னில் நெய் 345 கிராம் பிடித்தது, அரைத்த சீனி தலை தட்டாமல் 245 கிராம். மாவைத்தான் மூன்று வெவ்வேறு நாட்கள் போய் நிறுத்தேன், 590, 615, 640 என்று மூன்று கணக்கு வந்தது. மூன்று நாளும் பிஸ்கட் ஒரே மாதிரிதான் இருந்தது. அதாவது பாட்டி ஒளித்து வைத்துக்கொண்ட எண் என்று ஒன்று இல்லை. நெய் எவ்வளவு இளகியிருக்கிறது, மாவு எவ்வளவு காய்ந்திருக்கிறது, வெளியே வெயிலா மழையா என்பதைப் பொறுத்து அது நகர்கிறது. ஐப்பசி அடைமழை என்கிற பழமொழி பினாங்குக்கும் அப்படியே பொருந்தும், நாம் தீபாவளிப் பலகாரம் சுடுகிற நாட்களில்தான் இங்கே மழை கொட்டும், மாவுப் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது “அகாக் அகாக்தான்” என்று சிரித்தார், குத்துமதிப்பு என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்வது. எனவே நான் கொடுக்கிற எண்ணை எங்கே தொடங்குவது என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு வழி பின்னால் சொல்கிறேன்.

டின் கணக்கைச் சின்னதாக்கி நான் இப்போது செய்வது இது. நெய் 250 கிராம், ஐசிங் சீனி 180 கிராம், மாவு 400 கிராமில் தொடங்கி 460 வரை போகலாம், சோடா உப்பு தலை தட்டிய அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. ஏறக்குறைய 80 பிஸ்கட் வரும். முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், கெட்டுப்போனாலும் மனசு அவ்வளவாக வலிக்காது. நெய் விற்கிற விலையில் இது முக்கியம்.

நெய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பிஸ்கட்டின் ருசி முழுக்க அதுதான். கடையில் ‘மிஞ்ஞாக் சாப்பி’ (மலாயில் நெய்) என்று எழுதியிருப்பதெல்லாம் பசு நெய் என்று நினைத்துவிடாதீர்கள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் வெஜிடபிள் கீ என்றோ பாம் எண்ணெய் என்றோ பொடி எழுத்தில் இருக்கும், அது வனஸ்பதி வகை. பிஸ்கட் வரும், உருவமும் நன்றாக இருக்கும், ஆனால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும், வாசம் இருக்காது. எங்கள் வீட்டில் க்யூபிபி என்கிற நெய் டின்தான், இங்கே பாதி வீடுகளில் அதுதான் என்று நினைக்கிறேன். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கத்து மளிகைக் கடைகளில், இந்தியாவிலிருந்து வரும் நெய்யும் கிடைக்கும், அதில் செய்தால் வாசம் தூக்கலாக இருக்கும், சிலருக்கு அது பிடிக்கும். வெண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது வேறு பிஸ்கட். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் தண்ணீரே இல்லை என்று சொல்லலாம். மாவில் தண்ணீர் பட்டால்தான் ரொட்டி மாவு மாதிரி இழுவை வரும், தண்ணீர் இல்லாத இடத்தில் அந்த இழுவைக்கு வேலை இல்லை. நெய் பிஸ்கட் பொலபொலவென்று உதிர்வதும் முட்டையோ பாலோ சேர்த்தால் அந்தக் குணம் போய்விடுவதும் இதனால்தான்.

தண்ணீர் இல்லாததால் சீனியும் கரையாது. சாதாரணச் சீனியைப் போட்டால் கடைசி வரை நறநறவென்று பல்லில் கடிபடும், அதனால்தான் பாட்டி அரைத்துப் போட்டார். நாம் ஐசிங் சீனி வாங்கிக்கொள்ளலாம், அதில் கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோளமாவு கலந்திருக்கும், இந்தப் பிஸ்கட்டுக்கு அது கெடுதல் இல்லை, நல்லதுதான். எதுவானாலும் சலித்துப் போடுங்கள், கட்டியோடு போட்டால் வெந்த பிறகு அங்கங்கே வெள்ளைப் புள்ளி தெரியும்.

மாவு விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு, கோதுமை மாவு என்றதும் ஆட்டா வாங்கிச் செய்துவிட்டார், பழுப்பு நிறத்தில் சத்து மாவு உருண்டை வந்தது. இங்கே நாம் பேச்சில் கோதுமை மாவு என்பது ‘தெபோங் கண்டும்’ என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும் வெள்ளை மாவு, ஊரில் அதற்கு மைதா என்று பெயர். அது போதும். கேக்குக்கென்று விற்கும் மெல்லிய மாவு இருந்தால் இன்னும் மிருதுவாக வரும், ஆனால் அதற்காக அலைய வேண்டாம். ‘தெபோங் நாயிக் செண்டிரி’ என்று போட்டிருந்தால் அதை மட்டும் எடுக்காதீர்கள், அதில் பொங்குவதற்கான பொடி ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதே நிறுவனம், அதே அளவுப் பொட்டலம், அவசரத்தில் கை மாறிப் போகும், எனக்குப் போயிருக்கிறது.

மாவை வறுப்பதா வேண்டாமா என்பதில் எங்கள் குடும்பமே இரண்டு கட்சி. பாட்டி வறுப்பதில்லை, அத்தை வறுப்பார். வறுத்தால் மாவின் ஈரம் போய் பிஸ்கட் இன்னும் லேசாக, பொடியாக உதிரும், பச்சை மாவு வாடை துளியும் இருக்காது. அகலமான வாணலியில் சின்னத் தீயில், வாசத்துக்குப் போடுகிற நீளமான பாண்டான் இலை இரண்டை முடிச்சுப் போட்டு உள்ளே எறிந்துவிட்டு, பத்து நிமிடம் போலக் கை விடாமல் கிளறுங்கள். இலை மொறுமொறுவென்று காய்ந்து, மாவு கரண்டியில் தண்ணீர் மாதிரி லேசாக ஓடும், அதுதான் பதம். நிறம் மாறக் கூடாது. முழுக்க ஆறிய பிறகு சலித்து, அதன் பிறகு நிறுக்க வேண்டும், சூடாக இருக்கும்போது நெய்யில் கொட்டினால் முதல் தடவை எனக்கு நடந்த தோசைக் கதைதான். வறுத்த மாவு நெய்யை அதிகம் குடிக்கும், அதனால் 400 அல்ல, 370 கிராமில் தொடங்குங்கள். மழைக்காலத்தில் நான் அத்தை கட்சி, மற்ற நாட்களில் சோம்பேறிக் கட்சி.

சரி, செய்முறைக்கு வருவோம். நம் ஊர்ச் சூட்டில் நெய் டின்னைத் திறந்தால் மேலே எண்ணெயாகவும் கீழே மணல் மணலாகவும் இருக்கும். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. தேவையான அளவை நன்றாகக் கலக்கி எடுத்து, ஐஸ் பெட்டியில் கீழ்த் தட்டில் இருபது முப்பது நிமிடம் வையுங்கள், நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள். பற்பசை பதத்துக்கு வர வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், வழியக் கூடாது. கல்லாக இறுகிவிட்டால் வெளியே வைத்தால் போதும், அடுப்பில் காட்டாதீர்கள்.

அந்த நெய்யில் ஐசிங் சீனியைப் போட்டு அடியுங்கள். மிக்சர் இருந்தால் நாலைந்து நிமிடம், மரக்கரண்டி என்றால் கை கடுக்கும் வரை, அதாவது பத்து நிமிடம். மஞ்சளாக இருந்தது வெளுத்து, கனம் குறைந்து, ஐஸ்கிரீம் மாதிரி நிற்கும். இந்த இடத்தில் பொறுமை காட்டுங்கள், ஏனென்றால் நெய்க்குள் அடிபட்டு நிற்கும் காற்றுதான் பிஸ்கட்டை லேசாக்குகிறது, சோடா உப்பு அதற்குத் துணைக்கு வருவது மட்டுமே. நெய் தண்ணீராக இருந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது, ஐஸ் பெட்டி வேலை எல்லாம் இதற்காகத்தான். வாசத்துக்கு ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி போடலாம். வனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி போடுகிறவர்களும் உண்டு, எனக்கு அது பேக்கரி வாசம் மாதிரி படுகிறது, நல்ல நெய் வாங்கிவிட்டு அதன் வாசத்தை ஏன் மூடுவானேன்?

சோடா உப்பையும் உப்பையும் மாவோடு சேர்த்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாகத் தங்கினால் அந்தப் பிஸ்கட் தின்றவர் முகம் சொல்லும். இனி மிக்சரை ஓரமாக வைத்துவிட்டுக் கையால்தான் வேலை. 400 கிராமில் முக்கால்வாசியை முதலில் போட்டு விரல் நுனிகளால் கலந்துவிடுங்கள், அப்புறம் மீதி. சப்பாத்திக்குப் பிசைவது போல உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கைச் சூட்டில் நெய் இளகும், அடித்து ஏற்றிய காற்றும் போய்விடும்.

இப்போதுதான் அந்தப் ‘பிடிக்கிற அளவு’. பாட்டி கையை உற்றுப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவு. ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பது போல ஒரு அழுத்து அழுத்துங்கள். கையைத் திறந்தால் ஐந்து விரல் தடமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும், உள்ளங்கையில் லேசான மினுமினுப்பு மட்டும் இருக்க வேண்டும். உள்ளங்கை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவன் கை மாதிரி பளபளத்தால், மாவு ஒட்டிக்கொண்டு வந்தால், இன்னும் ஒரு மேசைக்கரண்டி மாவு. பிடித்தது பிடித்தபடி நிற்காமல் உதிர்ந்தால் மாவு ஏறிவிட்டது, ஒரு தேக்கரண்டி நெய்யை விட்டுத் திரும்பப் பிடியுங்கள். உருட்டும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் வந்தால் பரவாயில்லை, வாய் பிளந்தால்தான் தப்பு. பாட்டி இதைச் செய்வதற்கு இரண்டு நொடி ஆகும், பேசிக்கொண்டே செய்வார், நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதல் நாள் கவனிக்கவே இல்லை.

ஆனால் பாட்டியின் கைப்பக்குவம் நமக்கு ஒரே நாளில் வராது, அதனால் நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். மாவு சரி என்று தோன்றியதும் எல்லாவற்றையும் உருட்டி அடுக்கிவிடாமல், மூன்றே மூன்று உருண்டை மட்டும் உருட்டி ஓவனில் வைப்பேன். கால் மணி நேரம் போகும், போகட்டும். மூன்றும் தட்டையாகப் பரவினால் மிச்ச மாவில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி மாவைக் கலப்பேன், பரவாமல் வைத்தபடியே கோலிக்குண்டு மாதிரி இருந்து தின்றால் தொண்டையை அடைத்தால் கொஞ்சம் நெய் சேர்ப்பேன். அடி மட்டும் சற்றே அகன்று, மேலே சின்னதாக வெடித்து, குட்டிக் குன்று மாதிரி நின்றால் மீதியை உருட்டலாம். இந்த மூன்று உருண்டைப் பழக்கம் வந்த பிறகு என் வீட்டில் ஒரு தட்டுகூட வீணானதில்லை.

உருண்டை ஒன்று 11 கிராம், அதாவது பெரிய நெல்லிக்காயைவிடச் சிறியது. முதல் இரண்டு மூன்றை நிறுத்துப் பார்த்தால் கண் பழகிவிடும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், அழகுக்காக இல்லை, சின்னது கருகும்போது பெரியது வேகாமல் இருக்கும். தட்டில் பேக்கிங் தாள் போட்டு இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். விருப்பமிருந்தால் நடுவில் பாதி முந்திரி அழுத்தலாம், சில வீடுகளில் கிராம்பு குத்துவார்கள். சிவப்பு பச்சை செர்ரித் துண்டு வைப்பதும் உண்டு, அதைப் பற்றி என் கருத்தைச் சொன்னால் சண்டை வரும். பிள்ளைகளை உருட்ட விடுங்கள், ஆனால் அவர்கள் உருட்டியதையே திரும்பத் திரும்ப உருட்டுவார்கள், மாவு எண்ணெய் விட்டுவிடும். அப்படி ஆனால் தட்டோடு பத்து நிமிடம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுங்கள்.

ஓவன் 160 டிகிரி, மேல் கீழ் இரண்டு சூடும் போட்டு, நடுத் தட்டில். விசிறி ஓடுகிற ஓவன் என்றால் 150 போதும். உள்ளே வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே சூடேற்றிவிட வேண்டும், ஓவன் சூடேறாமல் வைத்தால் நெய் உருகி ஓடுவது முந்திக்கொள்ளும், மாவு இறுகுவது பிந்தும். சின்ன ஓவன்களின் திருகியை நம்பாதீர்கள். எனக்கு வந்த ஓவனில் 160 என்று திருப்பினால் உள்ளே 185 இருந்தது, தனியாக ஒரு ஓவன் வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது, அதுவரை என் கைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு அந்தக் காலத்தில் ஓவனே கிடையாது, தோட்டத்து வீட்டில் தகர டின்னில் மணல் பரப்பி உள்ளே தட்டை வைத்து, மூடி மேலே தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டுச் சுட்டிருக்கிறார். நெருப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் அதற்கும் கைதான் என்பார். கேட்பதை விட்டுவிட்டேன்.

பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். நிறத்தைப் பார்த்து எடுக்கலாம் என்று காத்திருந்தால் கெட்டது. இந்தப் பிஸ்கட் மேலே வெள்ளையாகவே இருக்க வேண்டும், அடி விளிம்பில் மட்டும் வெளிறிய பொன்னிறம் வரும்போது எடுத்துவிட வேண்டும். மேலே சிவந்தால் நெய் வாசம் போய் வறுத்த மாவு வாசம்தான் மிஞ்சும். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று வேகாதது போலத்தான் இருக்கும், பயந்துபோய்த் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறும்போது இறுகும். சூட்டோடு எடுத்தால் கையிலேயே உடையும், தட்டிலேயே பத்து நிமிடம் விட்டுவிட்டுத்தான் கம்பி வலைக்கு மாற்ற வேண்டும். அடுத்த சுற்று மாவை அதே சூடான தட்டில் வைக்கக் கூடாது, ஓவனுக்குள் போகும் முன்பே நெய் உருக ஆரம்பித்துவிடும். இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம், ஒன்றுதான் என்றால் குழாயடியில் காட்டித் துடைத்துக்கொள்ளுங்கள்.

மேலே தூவும் சீனிக்கும் அவசரப்படாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஐசிங் சீனியில் புரட்டினால் நெய் கசிந்து சீனி பசையாகி, கோயில் தூணில் பூசிய விபூதி மாதிரி திட்டுத்திட்டாக ஒட்டும். முழுக்க ஆற இரண்டு மணி நேரம் விட்டு, ஒரு டப்பாவில் கொஞ்சம் சீனியோடு ஐந்தாறு பிஸ்கட்டைப் போட்டு மெதுவாக ஆட்டுங்கள். பிஸ்கட்டிலேயே போதுமான இனிப்பு இருக்கிறது என்று நினைத்தால் தூவாமலே விடலாம், பாட்டிக்கு இப்போது சீனி வியாதி இருப்பதால் அவர் பங்கை அப்படித்தான் தனியாக எடுத்து வைக்கிறேன், அதற்காக அவர் குறைத்துத் தின்பார் என்றில்லை.

போத்தலில் அடுக்கும்போது அடுக்குக்கு ஒரு தாள், மூடியைச் சுற்றி ஒரு சுற்று செலோடேப். பார்க்க அழகில்லைதான், ஆனால் மழைக்காலத்தில் திறந்து மூடுகிற போத்தல் மூன்று நாளில் நமத்துப் போகும், டேப் ஒட்டியது மூன்று வாரம் நிற்கும். ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் வைத்தால் நெய் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும், அலமாரிக்குள் வையுங்கள். ஐஸ் பெட்டி வேண்டாம், வெளியே எடுத்ததும் மேலே வியர்த்துச் சீனி கரைந்துவிடும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு செய்வதுதான் சரியான கணக்கு. செய்த அன்றைவிட இரண்டு நாள் கழித்துத்தான் வாசம் ஊறி நன்றாக இருக்கிறது. அதற்கு முன்னால் செய்தால் வேறு ஆபத்து, வீட்டில் இருப்பவர்களே காலி செய்துவிடுவார்கள், பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்கு வரவேற்கிற திறந்த இல்லத்துக்கு வருகிறவர்களுக்குக் கடைப் பிஸ்கட்தான்.

உடைந்ததையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள். நொறுக்கி, வாழைப்பழத் துண்டின் மேல் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பால் பாயசத்தின் மேல் கடைசியாகத் தூவினாலும் நன்றாக இருக்கிறது.

அப்புறம் பாத்திரம் கழுவுவது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நெய் அடித்த பாத்திரத்தை நேராகக் குழாயடியில் போட்டுத் தண்ணீர் விட்டால் நெய் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும், அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரர் வரை பிரச்சினை போகும். முதலில் ஒரு கைப்பிடி மாவைத் தூவி, பழைய பத்திரிகைத் தாளால் வழித்துக் குப்பையில் போடுங்கள். மாவு நெய்யை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெந்நீரும் சோப்பும். அந்தத் துடைக்கிற மாவைத் தராசுக் கணக்கில் சேர்க்காதீர்கள், 640 வந்த நாளில் எனக்கு அந்தச் சந்தேகமும் இருக்கிறது.